நூறு சதவீதம் என்று காட்டும் பாதுகாப்பு அறிக்கை எதைச் சொல்லாமல் விடுகிறது? (இங்கிலாந்து கவுன்சில் வாடகை வீடுகள்)

தொடர்மாடிவாசி எழுதியது:

வணக்கம் உறவுகளே. எங்கள் கவுன்சிலின் வாடகையாளர் மேற்பார்வைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். காலாண்டுக்கு ஒருமுறை எங்களுக்கு ஓர் அட்டவணை அனுப்பப்படுகிறது. எரிவாயு, தீ, அஸ்பெஸ்டாஸ், குடிநீர்த் தொட்டிகளின் சுகாதாரம், மின்தூக்கி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு சதவீதத்தைப் பச்சை நிறத்தில் காட்டுகிறார்கள். அனேகமாக எல்லாமே நூறு, அல்லது நூறுக்கு மிக அருகில். கூட்டத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் மிகக் குறைவு. பச்சையாக இருப்பதைப் பற்றி என்ன கேட்பது என்று எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் நான் குடியிருக்கும் கட்டடத்தில் மாடிப்படிக்குச் செல்லும் தீத்தடுப்புக் கதவு ஒன்று நெடுநாளாகத் தானாக மூடுவதில்லை. அதைப் பலர் முறையிட்டிருக்கிறார்கள். தீப் பாதுகாப்பு வரியில் நூறு என்று இருக்கும் ஒரு கவுன்சிலில் இது எப்படி நடக்கிறது? அந்த எண் பொய்யா, அல்லது நான் அதைப் படிக்கும் முறை தவறா? இத்துறையில் வேலை செய்தவர்கள் யாரேனும் இருந்தால் விளக்க வேண்டுகிறேன். ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் விதிகள் வேறு என்பதால், இங்கிலாந்தை மட்டும் வைத்துப் பேசுவோம்.

பழையகோப்பு எழுதியது:

வணக்கம் சகோதரி. ஒரு கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் பாதுகாப்புப் பதிவேடுகளைப் பராமரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த எண் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. அது பதில் சொல்லும் கேள்வியும் நீங்கள் கேட்கும் கேள்வியும் வேறு வேறு.

2023 ஏப்ரல் முதல், குறைந்த வாடகைக்கு வீடு வழங்கும் சமூக வீடமைப்பு நிறுவனங்கள் அனைத்தும், கவுன்சில்கள் உட்பட, வாடகையாளர் திருப்தி அளவீடுகள் என்ற 22 அளவீடுகளைத் திரட்டி வெளியிட வேண்டும். அவற்றில் 12 வாடகையாளர்களிடம் கருத்துக் கேட்டுப் பெறப்படுபவை. மற்ற 10 நிறுவனத்தின் சொந்தப் பதிவுகளிலிருந்து வருபவை. இந்தப் பத்தில் ஐந்துதான் கட்டடப் பாதுகாப்பு பற்றியவை. உங்கள் அட்டவணையின் ஐந்து வரிகளும் அவையே. தீ பற்றிய அளவீடு என்ன கேட்கிறது என்று பாருங்கள்: தீ அபாய மதிப்பீடு தேவைப்படும் கட்டடங்களில் உள்ள வீடுகளில், எத்தனை சதவீத வீடுகளுக்கு அந்த மதிப்பீடு செய்யப்பட்டிருக்கிறது? இவ்வளவுதான் கேள்வி. மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, இந்தக் கதவு மூடவில்லை, அந்தக் குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம் அடைக்கப்படவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த நாளிலேயே அந்தக் கட்டடத்தின் வீடுகள் எல்லாம் கணக்கில் நிறைவு பெற்றுவிடுகின்றன. அவர் எழுதிய குறைகள் சரிசெய்யப்பட்டனவா என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

இது ஏன் முக்கியம் என்பதை லண்டனில் நடந்த இரண்டு தீ விபத்துகளே காட்டுகின்றன. 2009 ஜூலை 3 அன்று கேம்பர்வெல்லில் உள்ள லக்கனல் ஹவுஸ் என்ற கவுன்சில் கட்டடத்தில் 6 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு உரிய தீ அபாய மதிப்பீடு செய்யப்பட்டிருக்கவில்லை. அதன் உரிமையாளரான சதக் (Southwark) கவுன்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2017இல் 270,000 பவுண்டு அபராதமும் 300,000 பவுண்டு வழக்குச் செலவும் செலுத்த நேர்ந்தது. அதே 2017இல், ஜூன் 14 அன்று, கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முதன்மைக் காரணம் வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட எரியக்கூடிய உறை. ஆனால் அந்தத் தீ பற்றிய பொது விசாரணைக் குழு கட்டட நிர்வாகத்தையும் விரிவாக ஆராய்ந்தது. அங்கே மதிப்பீடுகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றில் சொல்லப்பட்ட திருத்த வேலைகள் முடிக்கப்படாமல் பெருமளவில் தேங்கிக் கிடந்தன. கதவுகள் பலவற்றில் தானாக மூடும் கருவி இல்லை, அல்லது பழுதாகி இருந்தது. தீப் பாதுகாப்பில் இருந்த குறைகள் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 2024 செப்டம்பரில் வெளிவந்த இரண்டாம் கட்ட அறிக்கையில் இவற்றை வாசிக்கலாம்.

இன்று நாம் வெளியிடும் அளவீடு லக்கனல் ஹவுஸ் போன்ற ஒரு தவறைக் காட்டிக்கொடுக்கும். கிரென்ஃபெல்லின் மதிப்பீடுகளுக்கு நேர்ந்த கதியை அது காட்டாது. உங்கள் குழு அந்தப் பச்சை எண்ணை விட்டுவிட்டு, திறந்திருக்கும் திருத்த வேலைகளின் பட்டியலைக் கேட்க வேண்டும். என் அனுபவத்தில், அந்தப் பட்டியலை யாரும் கேட்காதவரை யாரும் தாமாகத் தருவதில்லை.

நீலச்சுடர் எழுதியது:

நான் எரிவாயு வேலை செய்வோருக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் பதிவுபெற்ற பொறியாளர். கவுன்சில் ஒப்பந்தங்களில் வேலை செய்கிறேன். மேலே உள்ள சகோதரர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எரிவாயு வரியை மற்ற வரிகளோடு ஒரே தராசில் நிறுக்க வேண்டாம். 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, 12 மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வாடகை வீட்டின் எரிவாயுக் கருவிகளும் புகைப்போக்கியும் சோதிக்கப்பட வேண்டும். அறிக்கையின் பிரதியை 28 நாட்களுக்குள் வாடகையாளருக்குக் கொடுக்க வேண்டும். ஆபத்தான கருவி ஒன்றைக் கண்டால் அதே வருகையில் இணைப்பைத் துண்டிப்போம், அல்லது பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவோம். ஆகவே இங்கே சோதனைக்கும் நடவடிக்கைக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இல்லை. 2018இல் வந்த திருத்தத்தால், பத்தாவது மாதத்துக்குப் பிறகு எப்போது சோதித்தாலும் பழைய கெடுநாள் மாறாமல் இருக்கிறது. எனவே முன்கூட்டியே தொடங்கும் கவுன்சிலுக்கு இரண்டு மாத அவகாசம் கிடைக்கிறது.

எங்களுக்கு உண்மையான இடர் கதவு திறக்கப்படாததுதான். சந்திப்பு நேரம் கொடுத்துக் கடிதம் போகிறது, தொலைபேசியில் அழைக்கிறோம், குறுஞ்செய்தி அனுப்புகிறோம், போய்க் கதவைத் தட்டுகிறோம், பதில் இல்லை. கவுன்சில் நினைத்தவுடன் பூட்டை உடைத்து உள்ளே போக முடியாது. பெரும்பாலும் நீதிமன்ற ஆணை வரை போக வேண்டியிருக்கிறது. முன்கட்டண மீட்டரில் பணம் இல்லாத வீடுகள் இன்னொரு சிக்கல். எரிவாயு வராத கொதிகலனை எரித்துச் சோதிக்க முடியாது. வாடகையாளர்கள் ஒத்துழைத்தால் கண்காணிப்பில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்பதாம்மாடி எழுதியது:

நீலச்சுடர் அண்ணா, உங்கள் வேலையின் சிரமம் புரிகிறது. ஆனால் கதவு திறக்காத வீடுகளை எல்லாம் ஒத்துழைக்காத வீடுகள் என்று ஒரே பெயரில் எழுதுவதை ஏற்க முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் வயதானவர்கள் பலருக்கு ஆங்கிலக் கடிதம் வாசிக்கத் தெரியாது. அடையாள அட்டையை எப்படிச் சரிபார்ப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்காத ஓர் அம்மா, முன்பின் தெரியாத ஆணுக்குக் கதவைத் திறக்கத் தயங்குவது குற்றமா? இரவுப் பணி முடித்துவிட்டுக் காலையில் உறங்குபவருக்கு, காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் வருவோம் என்று கடிதம் அனுப்பினால் அவர் என்ன செய்வார்? எத்தனை வீடுகளுக்குள் நுழைய முடியவில்லை என்று மட்டும் எழுதாமல், ஏன் முடியவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். காரணத்தை எழுதினால்தான் அடுத்த முறை தமிழில் பேசக்கூடிய ஒருவரை முன்கூட்டி அழைக்கச் செய்வதா, மாலை நேரம் கொடுப்பதா, நீதிமன்றம் போவதா என்று தீர்மானிக்க முடியும்.

கதவு விடயத்துக்கு வருகிறேன். கிரென்ஃபெல் விசாரணையின் முதற்கட்ட அறிக்கை, 2019 அக்டோபரில், குடியிருப்புக் கட்டடங்களின் எல்லாத் தீக்கதவுகளிலும் தானாக மூடும் கருவி வேலை செய்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023 ஜனவரி 23 முதல் நடைமுறைக்கு வந்த தீப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அந்த அளவுக்குப் போகவில்லை. 11 மீற்றருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களில் பொதுவழிக் கதவுகளுக்கு மட்டும் மூன்று மாதம். வீட்டின் வாசற்கதவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் இயன்றவரை முயன்றால் போதும் என்ற நிலை. தொடர்மாடிவாசி அக்கா குறிப்பிட்ட மாடிப்படிக் கதவு பொதுவழிக் கதவு. கட்டடம் 11 மீற்றரைத் தாண்டுமானால் காலாண்டுதோறும் அதைச் சோதித்த பதிவு இருந்தே ஆக வேண்டும். அந்தப் பதிவில் அந்தக் கதவுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. வாடகையாளருக்குத் தன் வீட்டை வாங்கும் உரிமை தந்த 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு கவுன்சில் கட்டடங்களில் ஏராளமான வீடுகள் அவற்றில் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டுவிட்டன. ஒரே வராந்தாவில் வாடகை வீட்டின் கதவும் விற்கப்பட்ட வீட்டின் கதவும் அடுத்தடுத்து இருக்கின்றன. வாங்கியவர் அழகுக்காகச் சாதாரணக் கதவு ஒன்றைப் பொருத்தியிருந்தால் அந்த வராந்தாவில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. வாடகை வீடுகளின் கதவுகளை மட்டும் எண்ணும் அறிக்கை இதைக் காட்டாது. வாசற்கதவும் வெளிச்சுவரும், கட்டடப் பொறுப்பாளரின் கடமைகளை வகுக்கும் தீப் பாதுகாப்பு ஆணைக்குள் அடங்கும் என்பதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஐயமின்றித் தெளிவாக்கியது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட கதவின் உரிமையாளர் யார் என்பதைக் குத்தகைப் பத்திரமே சொல்கிறது. வேலை அங்கேதான் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது.

செம்புக்கம்பி எழுதியது:

மின்சாரம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அதற்குக் காரணம், அக்கா சொன்ன ஐந்து வரிகளில் அது இல்லவே இல்லை. வெளியிட வேண்டிய பாதுகாப்பு அளவீடுகளில் மின்சோதனைக்கு இடம் தரப்படாதது என்னைப் பொறுத்தவரை பெரிய குறை.

சட்டம் இப்போதுதான் எட்டிப் பிடித்திருக்கிறது. தனியார் வாடகை வீடுகளுக்கு 2020இல் வந்த ஐந்தாண்டுச் சோதனைக் கட்டாயம், சமூக வீடமைப்பில் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கு 2025 இறுதியிலிருந்தும், ஏற்கெனவே உள்ளவற்றுக்கு 2026 மே 1 முதலும் பொருந்தும்படி நீட்டிக்கப்பட்டது. மின்சோதனை செய்யும் நாங்கள் எழுதும் அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு குறியீடு உண்டு. சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது; சி2 என்றால் ஆபத்தாக மாறக்கூடும்; சி3 என்றால் மேம்படுத்தினால் நல்லது. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலோ, மேலும் ஆராய வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தாலோ, அறிக்கையின் முடிவு திருப்தியற்றது. அதன்பின் 28 நாட்களுக்குள், அல்லது அறிக்கை குறிப்பிடும் அதைவிடக் குறைந்த காலத்துக்குள், வேலை நடந்தாக வேண்டும்.

சோதனை முடிந்தது என்று தேதியை மட்டும் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், திருப்தியற்ற அறிக்கையும் திருப்தியான அறிக்கையும் ஒரே பச்சையாகத் தெரியும். எனவே மின்சாரத்துக்குத் தனியாக ஒரு வரி கேளுங்கள். அதில் செல்லுபடியாகும் அறிக்கை உள்ள வீடுகள் எத்தனை என்பதோடு, முடிவு திருப்தியற்றதாக இருந்து இன்னும் வேலை முடியாத வீடுகள் எத்தனை என்பதும் தனித்தனியே இருக்க வேண்டும்.

பழையகோப்பு எழுதியது:

செம்புக்கம்பி சொன்னதோடு இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். இரண்டுமே கணக்கு வைப்பது தொடர்பானவை.

ஒன்று, எந்த எண்ணிக்கையால் வகுக்கிறார்கள் என்பது. பட்டியலில் இல்லாத வீடு ஒருபோதும் கெடு தவறிய வீடாகத் தெரியாது. விற்றுப் பின்னர் கவுன்சிலே திரும்ப வாங்கிய வீடுகள், வீடற்றவர்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் விடுதிகள், கடைகளுக்கு மேலே உள்ள குடியிருப்புகள், ஒரு பெரிய வீட்டை இரண்டாகப் பிரித்தவை ஆகியன பாதுகாப்புப் பதிவேட்டிலிருந்து நழுவும் இடங்கள். வாடகை வசூலிக்கும் பிரிவு ஒரு வீட்டை எளிதில் மறப்பதில்லை. ஆகவே வாடகைக் கணக்குகளின் பட்டியலையும் பாதுகாப்புப் பதிவேட்டையும் முகவரி முகவரியாக ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை விளக்கச் சொல்லுங்கள். கடைசியாக அந்த ஒப்பீடு எப்போது செய்யப்பட்டது என்று கேட்டாலே நிலைமை ஓரளவு விளங்கிவிடும். எரிவாயு இல்லாத வீடு என்று நீக்கப்பட்டவற்றிலும் ஆதாரம் கேட்க வேண்டும். மீட்டர் அகற்றப்பட்டதா, வெறுமனே மூடியிடப்பட்டதா என்பது வேறு வேறு.

மற்றது, கெடுநாள். தீ அபாய மதிப்பீட்டில் ஒவ்வொரு திருத்த வேலைக்கும் அவசரத்தின் அளவைப் பொறுத்து ஒரு நாள் குறிக்கப்படும். அந்த நாள் நெருங்கும்போது, பெரிய சீரமைப்புத் திட்டத்தோடு சேர்த்துச் செய்வோம் என்று சொல்லி அடுத்த ஆண்டுக்கு மாற்றிவிடுவார்கள். சில வேளைகளில் அதற்கு நியாயமான காரணம் இருக்கும். கதவுகளை ஒவ்வொன்றாக மாற்றுவதைவிடக் கட்டடம் முழுவதற்கும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது. ஆனால் மாற்றிய மறுகணமே அந்த வேலை காலம் கடந்தவற்றின் எண்ணிக்கையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதனால் முதலில் குறிக்கப்பட்ட நாள், இப்போதைய நாள், யார் மாற்ற அனுமதித்தார், இடைக்காலத்தில் குடியிருப்பாளர்களைக் காக்க என்ன செய்யப்பட்டிருக்கிறது என்ற நான்கும் பட்டியலில் இருக்க வேண்டும். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து காகிதத்தில் மட்டும் குறைவதை இந்த இடத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மின்தூக்கிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஆய்வு. அஸ்பெஸ்டாஸில் பொதுப் பகுதிகளின் நிலையைக் காலமுறைப்படி மீண்டும் பார்க்க வேண்டும். தண்ணீரில் நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பெருகுவதால் தொட்டிகளின் வெப்பநிலைப் பதிவுகள் முக்கியம். இவை எல்லாவற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆய்வில் கண்டது சரிசெய்யப்பட்டதா?

கிழக்குவாசல் எழுதியது:

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஈரக்கசிவும் பூஞ்சணமும் இருக்கிறது. சுவரில் இருந்த மின்சொருகியின் மேல் தண்ணீர் வடிகிறது. கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவை அழைத்தேன். தனியார் வீட்டு உரிமையாளர் என்றால் நடவடிக்கை எடுப்போம், கவுன்சில் வீடு என்பதால் எங்களால் முடியாது என்றார்கள். அப்படியானால் கவுன்சிலைக் கண்காணிப்பவர் யார்?

சட்டப்பக்கம் எழுதியது:

முதலில் மின்சொருகி. அதைப் பயன்படுத்தாதீர்கள், அந்தச் சுற்றின் மின் இணைப்பை நிறுத்திவிட்டு, அவசரப் பழுது என்று சொல்லி இன்றே கவுன்சிலுக்கு அறிவியுங்கள். அழைத்த நேரத்தையும் அவர்கள் கொடுக்கும் குறிப்பெண்ணையும் எழுதி வையுங்கள்.

சுற்றாடல் சுகாதாரப் பிரிவு சொன்னது சட்டப்படி சரி. 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் கவுன்சில் தன் மீதே அமுலாக்க அறிவித்தல் விடுக்க முடியாது. தனியார் வாடகையாளருக்கு இருக்கும் அந்தக் கதவு கவுன்சில் வாடகையாளருக்கு மூடியிருக்கிறது. அதற்கு ஈடாக மூன்று வழிகள் உள்ளன. அவற்றின் வேலை வேறு வேறு.

2020 டிசம்பரில் ரொச்டேலில் பூஞ்சணம் நிறைந்த வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து பாதுகாப்பாக்க வேண்டும். குறிப்பிடத்தக்க ஈரக்கசிவு, பூஞ்சணம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய்ந்து, அதன்பின் 3 வேலை நாட்களுக்குள் எழுத்தில் முடிவைத் தந்து, ஆபத்து உறுதியானால் 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் நீதிமன்றம் செல்லலாம். குடியிருக்கத் தகுதியான வீடாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டமும் கவுன்சிலுக்குப் பொருந்தும்.

தனிப்பட்ட முறைப்பாட்டுக்கு வீடமைப்புக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். முதலில் கவுன்சிலின் இரு கட்ட முறைப்பாட்டையும் முடிக்க வேண்டும். நிறுவனத்தின் ஒட்டுமொத்தத் தவறுக்குச் சமூக வீடமைப்பு ஒழுங்குபடுத்துநர். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்ற அந்த அமைப்பு, 2024 ஏப்ரல் முதல் 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள ஒவ்வொரு நிறுவனத்தையும் நான்கு ஆண்டுச் சுழற்சியில் நேரில் ஆய்வு செய்து, சி1 முதல் சி4 வரை தரம் கொடுக்கிறது. இந்தத் தரத்தை மின் அறிக்கையின் குறியீடுகளோடு குழப்ப வேண்டாம். இங்கே சி4 தான் மிக மோசமானது. 2024 அக்டோபரில் நியூஹாம் கவுன்சிலுக்கு அந்தத் தரம் கிடைத்தது; தீப் பாதுகாப்பும் மின்சோதனையும் அதற்கான காரணங்களில் அடங்கும். நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதி என்பதால் அந்தத் தீர்ப்பைத் தேடி வாசிக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நீலச்சுடர் எழுதியது:

ஒன்பதாம்மாடி சொன்ன காரணப் பதிவை ஏற்கிறேன். எங்கள் கைக்கருவியில் நுழைய முடியவில்லை என்ற ஒரே தெரிவுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் தகவலை எழுதக்கூட இடமில்லை. ஒப்பந்தத்தில் அதைச் சேர்க்கச் சொல்லி மேற்பார்வைக் குழு கேட்டால் நடக்கும். நாங்கள் கேட்டால் நடக்காது.

ஆயினும் என் கருத்தின் ஒரு பகுதியை விடமாட்டேன். நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. 2022 அக்டோபர் முதல், சமையல் அடுப்பைத் தவிர்த்து, நிலையாகப் பொருத்திய எரிகருவி உள்ள ஒவ்வோர் அறையிலும் அதற்கான எச்சரிக்கைக் கருவியைக் கவுன்சில் பொருத்த வேண்டும். அதன் சத்தம் தொந்தரவு என்று மின்கலத்தைக் கழற்றி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

தொடர்மாடிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்துக்கு முன்னர் எழுத்தில் அனுப்பப்போகும் கேள்விகளை இங்கே வைக்கிறேன். எங்கள் கட்டடத்தின் தீ அபாய மதிப்பீடு முழுவதும், காலாண்டுக் கதவுச் சோதனைப் பதிவும் வேண்டும். கவுன்சில் முழுவதற்கும் திறந்திருக்கும் திருத்த வேலைகள், பழையகோப்பு சொன்ன நான்கு விவரங்களோடு வேண்டும். மின்சாரத்துக்குத் தனி வரி வேண்டும். வாடகைப் பட்டியலோடு ஒப்பிட்ட நாளும், அதில் கண்ட வேறுபாடுகளும் வேண்டும். நுழைய முடியாத வீடுகள் காரணவாரியாக வேண்டும்.

குழு உறுப்பினர் என்ற முறையில் தர மறுத்தால், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாமா?

சட்டப்பக்கம் எழுதியது:

தாராளமாகக் கேட்கலாம். கவுன்சில் பொது அதிகார அமைப்பு என்பதால் 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பொருந்தும்; 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தனிநபர் விவரங்களை மறைத்துவிட்டுத் தருவார்கள், அது முறையானதே. கேள்வியில் ஆவணத்தின் பெயரையும் கால எல்லையையும் குறிப்பிடுங்கள். பொதுவாகத் தீப் பாதுகாப்பு பற்றிய எல்லாம் என்று கேட்டால் செலவைக் காரணம் காட்டி மறுக்க இடம் கிடைத்துவிடும். கட்டடம் குறைந்தது 18 மீற்றர் உயரமோ குறைந்தது 7 மாடியோ உள்ளது என்றால் இன்னொன்றையும் சேருங்கள். 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாளரான கவுன்சில், குடியிருப்பாளர்கள் பாதுகாப்புத் தீர்மானங்களில் பங்கெடுக்கும் வழிமுறையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதன் பிரதியைக் கேளுங்கள். கதவு பற்றிய முறையீட்டை அதில் சொல்லப்பட்ட வழியிலும் ஒருமுறை பதிவுசெய்யுங்கள்.